அத்தை கொடுத்த நம்பர்

"எங்கம்மா எப்படி இருக்காங்கன்னு நான் உங்களைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா, அண்ணி?"

போனில் நாத்தனாரின் குரல் மருமகளைச் சுருக்கென்று தைத்தது.

தொற்றுக்குப் பயந்து ஊரே அடைந்து கிடந்த நேரம். ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடுவதில்லை. ஒரு நோயாளிக்கு ஒரு போன் நம்பர்தான். டாக்டர் பார்த்துவிட்டுப் போனதும் வார்டிலிருந்து அந்த நம்பருக்கு மட்டும் தினமும் தகவல் சொல்வார்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது மாமியார் கொடுத்தது மருமகளின் நம்பரை.

"பெத்த பொண்ணு நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உங்க நம்பரை எதுக்குக் குடுத்தாங்க?"

"எனக்கும் தெரியலம்மா. அத்தையேதான் குடுத்தாங்க."

"பக்கத்துல நின்னு நீங்க எடுத்துக் குடுத்திருப்பீங்க."

வலித்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருக்கத்தான் செய்தது. கேஸ் சிலிண்டரை மூடிட்டேன் என்று இவள் சொன்னால், எழுந்து வந்து பார்த்துவிட்டுத்தான் படுப்பார் அத்தை. அப்பேர்ப்பட்டவர் தன்னை நம்பியிருக்கிறார்.

பின்னறையில் கணவன். அவனுக்கும் அதே காய்ச்சல். வீட்டிலேயே தனியாக இருக்கச் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டைக் கதவோரம் வைத்துவிட்டு நகர வேண்டும். "அம்மா?" என்பான் உள்ளேயிருந்து. "நல்லா இருக்காங்களாம்" என்பாள்.

அன்றைக்கு போன் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்தது. பேசியது எப்போதும் பேசும் நர்ஸ் இல்லை. டாக்டர்.

"மூச்சு விட ரொம்ப சிரமப்படறாங்கம்மா. ஐசியுவுக்கு மாத்தறோம். இப்படியே இருந்தா வென்டிலேட்டர் வைக்க வேண்டி வரும். அதுக்கு உங்க சம்மதம் வேணும்."

"வெச்சா பொழைச்சுக்குவாங்களா, டாக்டர்?"

"உறுதியா எதுவும் சொல்ல முடியாது. வீட்டுல யார்கிட்டயாவது கலந்து பேசணுமா?"

மூடியிருந்த கதவைப் பார்த்தாள். உள்ளே அவன் விடாமல் இருமிக்கொண்டிருந்தான். நாத்தனார் இருப்பது வேறு ஊரில். பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. சொன்னால் அங்கே உட்கார்ந்து துடிப்பாள்.

"வேண்டாம் டாக்டர். எது தேவையோ செய்யுங்க."

வைத்த கையோடு மறுபடியும் போன். நாத்தனார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசினாங்களா?"

"பேசினாங்க. நேத்து மாதிரியேதான் இருக்காங்களாம்."

"தினமும் இதையே ஒப்பிக்கறீங்க. எதிர்க்கேள்வி கேக்கத் தெரியாதா? இதுவே உங்கம்மாவா இருந்தா இப்படித்தான் இருப்பீங்களா?"

"அடுப்புல வேலை இருக்கும்மா" என்று வைத்துவிட்டாள். அடுப்பு எரியவேயில்லை.

"அம்மா?" என்றான் கணவன்.

"தூங்கறாங்களாம்."

மறுநாள் போன் வரவில்லை.

குளிக்கக்கூடப் போகாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டு நம்பரைப் போட்டால் பிஸி, பிஸி, பிஸி. ஒருமுறை தெரியாத நம்பரிலிருந்து மணி அடித்தது. பாய்ந்து எடுத்தாள். இன்டர்நெட் கனெக்‌ஷன் வேண்டுமா என்று கேட்டது ஒரு குரல்.

நடுநடுவே நாத்தனார். "எதையோ மறைக்கறீங்க அண்ணி. அம்மாவுக்கு ஏதாவது ஆச்சு, ஜென்மத்துக்கும் உங்களை மன்னிக்க மாட்டேன்."

பொழுது சாய்கிற நேரத்தில் நர்ஸ் கூப்பிட்டாள். "சாரிக்கா, இன்னிக்கு இங்க ஒரே அமளி. போனைத் தொடவே முடியல. அம்மாவுக்கு வென்டிலேட்டர் தேவைப்படலக்கா. மாஸ்க்லயே ஆக்சிஜன் ஏற ஆரம்பிச்சிடுச்சு. இப்பதான் தண்ணி கேட்டாங்க."

மருமகள் அதற்கப்புறம்தான் குளிக்கப் போனாள்.

சில நாளில் மாமியாரை மறுபடி வார்டுக்கு மாற்றினார்கள். நர்ஸ் வீடியோவில் கூப்பிட்டு முகத்தைக் காட்டினாள். மருமகள் அதே அழைப்பில் நாத்தனாரையும், பின்னறையில் இருந்த கணவனையும் சேர்த்துவிட்டாள்.

நாத்தனார் அழுது ஓய்ந்ததும் முதலில் கேட்டது அதைத்தான். "ஏம்மா என் நம்பரைக் குடுக்கல? அண்ணிக்கு இருக்கற அக்கறை எனக்கு இருக்காதா?"

மாமியார் மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கினார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"அடி அசடு. திரும்பி வருவேன்னு நெனச்சா வண்டியில ஏறினேன்? நான் போய்ட்டேன்னு போன் வந்தா, அதை முதல்ல நீயா கேக்கணும்? நீ தாங்க மாட்டே. உங்கண்ணனும் தாங்க மாட்டான். அவளுக்கென்ன, வேற வீட்டுப் பொண்ணு. தாங்கிக்குவா."

திரையின் மூலையில் மருமகளுக்குத் தன் முகம் தெரிந்தது. அதைச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

நர்ஸுக்குச் சங்கடமாகியிருக்க வேண்டும். "ஆமாம்மா, உங்க மருமக தைரியசாலிதான். உங்களை ஐசியுவுக்கு மாத்தின அன்னிக்குக்கூட ஒத்தை ஆளா நின்னு டாக்டர்கிட்ட சம்மதம் சொன்னாங்க" என்றாள்.

"ஐசியுவா?" என்றாள் நாத்தனார்.

நோயாளிக்குக் களைப்பாக இருக்கிறது என்று நர்ஸ் அழைப்பை முடித்துவிட்டாள்.

உடனே மருமகளின் போன் அடித்தது. நாத்தனார்தான். எடுக்கவே பயமாக இருந்தது. எப்படியும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று எடுத்தாள்.

"ஐசியுன்னு அன்னிக்கு டாக்டர் சொன்னாரே, அண்ணி..."

"உன்கிட்ட மறைச்சது தப்புதாம்மா. நீ அங்க தனியா..."

"அதைக் கேக்கலை."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கு நீங்க யார்கிட்ட சொல்லி அழுதீங்க, அண்ணி?"