ஏலம் போன கால்

மிக்கேல் வாயால் பிழைக்கிறவர். துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவர். விபத்தில் முறிந்து கம்பி வைத்த கால் எலும்புக்குள் வருடக்கணக்காகச் சீழ். கிருமி இன்னும் உயிரோடிருந்தால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஸ்கேன்.

கதிர் வீசும் சர்க்கரையை ஊசியில் ஏற்றிய நர்ஸ், "உடம்புல கிருமியோ தசையோ, எது வேலை செய்யுதோ அது இதைத் தின்னுட்டுப் படத்துல பளிச்சுன்னு எரியும். பேசாமப் படுத்திருங்கண்ணே" என்றாள்.

"வீட்டுல காப்பிக்கே சர்க்கரை கிடையாதும்மா" என்று தொடங்கியவரை விரல் காட்டி அடக்கிவிட்டுப் போனாள்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் விசும்பிக்கொண்டிருந்தாள். மிக்கேல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கொஞ்ச நேரம்தான். பிறகு மெல்லிய குரலில் தன் காலை ஏலம் விட ஆரம்பித்தார். "கம்பியோட காலு, ஒத்தக் காலு, கொஞ்சம் கெட்டுப்போனது. யாரும்மா கேக்குறது?"

சாயங்காலம் டாக்டர் படத்தைக் காட்டினார். தொண்டையில் விளக்கு ஏற்றியதுபோல் வெளிச்சம்.

"பேசுனீங்களா?"

"வாயே திறக்கல டாக்டர்."

மிக்கேலின் உடம்பில் கதிர் அடங்கும்வரை தள்ளியே இருக்கச் சொல்லியிருந்ததால் அவர் மனைவி செசிலி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். "பேசுனாவ டாக்டர்" என்றாள். "அழுதுட்டுக் கிடந்த பிள்ள சிரிச்சது வாசல் வரைக்கும் கேட்டுச்சு."

"அப்ப தொண்டைய விட்டுருவோம்" என்றார் டாக்டர். அவர் விரல் படத்தில் கீழே இறங்கியது. நெஞ்சு, வயிறு, தொடை. முழங்காலை நெருங்கியபோது செசிலி நாற்காலியை இழுத்துப் போட்டு, மிக்கேலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.