இயந்திரங்கள் சொன்ன பெயர்

தினமும் காலையில் தன் பன்னிரண்டு பனியன் பின்னல் இயந்திரங்களுக்கும் சந்தனப் பொட்டு வைத்த பிறகே நாச்சிமுத்து இருக்கையில் அமர்வார்.

வெளிநாட்டில் தொழில் தொடங்கிக் குடியேற அவர் விசா கேட்டிருந்தார். அக்காலத்தில் விசா அதிகாரிகள் பத்திரங்களைப் பார்ப்பதில்லை; சொத்துகளையே விசாரிப்பார்கள்.

"உங்கள் உரிமையாளர் யார்?" என்று அதிகாரி திரையில் தோன்றி இயந்திரங்களிடம் கேட்டார்.

பஞ்சுத்துகள் பனியாய் மிதந்த கூடத்தில் இயந்திரங்கள் தாலாட்டுவதுபோல் முனகின. "பழனாத்தா அம்மணிங்க. எண்ணெய் போட்டு எங்கள ஓட வெச்சது அவங்கதானுங்க. இவரு பொட்டு வெக்கிறவருங்க."

பழனாத்தாள் அவருடைய அக்காள். ஆலையின் கூட்டுப் பத்திரத்திலிருந்து அவள் பெயரை அவளுக்குத் தெரியாமல் நீக்கியவர் அவர்தான்.

மாலையில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"விசாவுக்குக் கையெழுத்தா, தம்பி? குடு, போட்டுத் தாரேன்," என்றாள் அவள்.

"நான் போட்டுட்டேன்க்கா," என்று சொல்லி, ஆலையை அவள் பெயருக்கு மாற்றிய பத்திரத்தையும் சாவியையும் அவள் கையில் வைத்தார்.