சட்டம் நின்ற இடம்

ஊராட்சித் தலைவி முத்துக்கனி அரிவாள் வெட்டில் வலக்கையை இழந்த பிறகுதான், மக்கள் பிரதிநிதிகளின் பாதுகாப்புக்கான சட்டம் பேரவையில் நிறைவேறியது. மறுவாரம் எம்.எல்.ஏ. சந்தனராஜின் அலுவலகத்துக்கு நன்றி சொல்ல வந்தாள்.

"இனி எனக்கும் போலீஸ் வரும்லா, அண்ணாச்சி?"

மசோதாவைப் படிக்காமலே ஆதரித்தவர் அவர்.

"சட்டம் எம்.எல்.ஏ.வோட நின்னுட்டும்மா," என்றார் தரையைப் பார்த்து.

"அப்ப இருட்டுமுன்ன ஊரு சேந்துருதேன்," என்று எழுந்தாள்.

வாசலில் நின்ற தன் காவலர்கள் இருவரையும் அவளோடு போகச் சொன்னார்.

"எங்க டூட்டி உங்களோடதான், சார்."

அவரும் அவளுடைய பேருந்தில் ஏறினார். காவலர்கள் பின்னால் ஏறினார்கள்.

"நாளைக்கும் வருவியளா, அண்ணாச்சி?"

கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.