குறையக் கூடாத ரத்த அழுத்தம்

"இதையெல்லாம் உக்காந்த இடத்துலயே எழுதினீங்களா, எசென்குல்?"

டாக்டர் நூர்ஸாத் நோட்டை மேஜை மேல் போட்டாள். சாதாரணமாக 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் அண்ணன் காணாமல் போய்விடுவார்.

கம்பவுண்டர் எசென்குல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வீடு வீடாப் போய்த்தான் பார்த்தேன் டாக்டர்."

விஷயம் இதுதான். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த இதய நோய் டாக்டரான நூர்ஸாத் மூன்று வருஷமாக இரண்டு ஊர்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிசில்-ஜாரில் உப்பைக் குறைக்கச் சொல்லிக்கொடுத்தாள். இந்தப் பக்கம் தாஷ்-புலாக்கில் யாரிடமும் உப்பு என்ற பேச்சே எடுக்கக் கூடாது. எசென்குல் ரத்த அழுத்தத்தை அளந்து எழுதிவிட்டுப் பேசாமல் வந்துவிட வேண்டும். அங்கே குறைந்து, இங்கே குறையாமல் இருந்தால்தான் உப்பைக் குறைத்தால் நெஞ்சுவலியைத் தடுக்கலாம் என்று அடித்துச் சொல்ல முடியும்.

இப்போது பார்த்தால், இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி குறைந்திருக்கிறது.

"நானே வந்து அளக்கப் போறேன். நீங்க எழுதினது பொய்னா, நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேணாம்."

பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது எசென்குலுக்கு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்.

முதல் வீடு குதிரைக்காரர் துலேகபிலுடையது. நூர்ஸாத் இரண்டு தடவை அளந்தாள். இரண்டு தடவையும் நன்றாகக் குறைந்திருந்தது. அவள் முகம் கடுகடுவென்று ஆனது.

"ஏம்மா, குறைஞ்சதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறே?" என்றார் துலேகபில். "என் பொண்டாட்டியே சந்தோஷப்பட்டா."

பன்னிரண்டு வீடு ஏறி இறங்கினார்கள். பன்னிரண்டிலும் எசென்குல் எழுதியதுதான் சரி.

தெருவில் நின்று நூர்ஸாத் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப நீங்க ரகசியமா சொல்லிக்கொடுத்திருக்கீங்க. பொய் எழுதறதைவிட அது பெரிய தப்பு."

"என் கூடப்பிறந்த தங்கச்சி இந்த ஊர்லதான் வாழ்க்கைப்பட்டிருக்கா" என்றார் எசென்குல். "போன வருஷம் தலை சுத்துது, என்னன்னு சொல்லுண்ணேன்னு கேட்டா. ஆஸ்பத்திரிக்குப் போன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. சொல்லக் கூடாதுன்னு நீங்க கையெழுத்து வாங்கியிருந்தீங்க."

நூர்ஸாத் நம்பவில்லை. ஊரே குறைந்திருப்பதற்கு வேறு காரணம் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியாக ரொட்டிக்கார சைராகுல் வீடு. ஊர் மொத்தத்துக்கும் தினமும் இவளுடைய அடுப்பில்தான் ரொட்டி சுடுகிறார்கள். இவளுக்கும் ரத்த அழுத்தம் சீராகவே இருந்தது.

"அக்கா, இந்த ஊர்ல சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

"ரொட்டியில உப்பைக் குறைச்சேன்."

நூர்ஸாத் சட்டென்று எசென்குல் பக்கம் திரும்பினாள். அவர் தரையைப் பார்த்தார்.

"யாரு உங்களைக் குறைக்கச் சொன்னது?"

"அவரை ஏன் முறைக்கிறீங்க? பாவம், அவருக்கு அளக்கறதைத் தவிர வேற என்ன தெரியும். எல்லாம் உங்களாலதான்."

"என்னாலயா? இந்த ஊர்ல உப்புன்னு நான் வாயே திறக்கலையே."

"முத முதல்ல வந்தப்போ இதே இடத்துலதான் உக்காந்தீங்க. சுடச்சுட ரொட்டி வெச்சேன். ஒரு கடி கடிச்சீங்க, மிச்சத்தைத் தட்டுலயே வெச்சுட்டுக் கிளம்பிட்டீங்க. கடிச்ச ரொட்டியை மிச்சம் வெச்சுட்டு எந்திரிச்ச விருந்தாளி எங்க வீட்ல அதுக்கு முன்னாடி கிடையாது. ரெண்டு நாள் எனக்குச் சோறு தண்ணி இறங்கல."

நூர்ஸாத்துக்கு நினைவு வந்தது. அந்த ஒரு கடியிலேயே உப்புக் கரித்தது. தன் உடம்பை நினைத்துத்தான் கீழே வைத்தாள்.

"அப்புறம் யோசிச்சேன்" என்றாள் சைராகுல். "மாவு எல்லா ஊரும் வாங்கற மாவுதான். தண்ணி ஆத்துத் தண்ணி. நான் அள்ளிப் போடறது உப்பு மட்டும்தான். மாசத்துக்கு ஒரு பிடி குறைச்சுக்கிட்டே வந்தேன். கைப்பக்குவம் போயிடுச்சுன்னு ஊரே கேலி பண்ணுச்சு. பண்ணட்டும்னு விட்டுட்டேன்."

எசென்குல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் வேலைக்கு வந்த ஆபத்து போய்விட்டது. நூர்ஸாத்தின் மூன்று வருஷ வேலைதான் போயிருந்தது.

"மன்னிச்சுக்குங்க அண்ணே" என்றாள் அவரிடம். பிறகு சைராகுலைப் பார்த்தாள். "அக்கா, ஆராய்ச்சி முடிஞ்சதும் உங்க ஊருக்கும் எல்லாத்தையும் சொல்லித்தரத்தான் இருந்தேன். இன்னும் ரெண்டு வருஷம். அதுவரைக்கும் நீங்க பழையபடியே சுட்டுப் போட்டிருக்கலாமே."

சைராகுலுக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"நெஞ்சு டாக்டரு, நீங்களே வேணாம்னு வெச்ச ரொட்டியை, எங்க புள்ளைங்களுக்கு எப்படிம்மா போடறது?"