மடங்கிக்கொண்ட குடை

ஒரு கடையில் குடையும் ரெயின்கோட்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. குடைக் கம்பெனி நெட்டில் ஒரு விளம்பர வீடியோ போட்டிருந்தது. அதில் காற்றடித்ததும் குடை மேல்பக்கமாக மடங்கிவிடும். பிடித்திருந்தவர் அசராமல் அதில் மழைத் தண்ணீர் பிடிப்பார். ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது.

“உன் குறையை நீயே ஊருக்குக் காட்டுறியே, வெட்கமா இல்ல?” என்றது ரெயின்கோட். “என் விளம்பரத்தைப் பாரு. ஒரு சொட்டுகூட உள்ளே வராதுன்னு எவ்வளவு கம்பீரமா சொல்லுது!”

“சிரிச்சுட்டுப் போகட்டுமே,” என்றது குடை.

அன்று மாலை பூங்கோதை சிரித்துக்கொண்டே அந்தக் குடையை வாங்கினாள். அவள் கணவன் தயாநிதி ரெயின்கோட்டை வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டான்.

பஸ் ஸ்டாப்பில் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. குடை மடங்கியது.

“என்னங்க, வீடியோல வந்த மாதிரியே!” பூங்கோதை நனைந்தபடி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குடையைத் தட்டி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

அதே நேரம் ரெயின்கோட்டின் தோள் தையல் வழியாக ஒரு சொட்டு உள்ளே இறங்கியது.

“ஏமாத்திட்டான் பாரு! நாளைக்கே திருப்பிக் கொடுக்கணும்,” என்று கத்தினான் தயாநிதி.

ரெயின்கோட் குடையிடம் மெல்லக் கேட்டது.

“உங்க வீடியோவை எடுத்தது யாரு?”