கீழ்வீட்டு இருமல்

கர்ர்... கர்ர்... க்ஹக்!

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. குழந்தை நுரியைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்த யூன்ஸுலின் கை அப்படியே நின்றது.

தகரத்தை யாரோ அரத்தால் ராவுவதுபோல் ஒரு சத்தம். வாசலுக்கு வெளியேதான்.

கணவன் உல்சான் நகரத்துக் கப்பல் பட்டறைக்கு இரவு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டான். அவன் சாப்பிட்ட கிண்ணத்தைக்கூட இன்னும் கழுவவில்லை. வீட்டில் இவளும் குழந்தையும்தான்.

சுவரில் இருந்த வாசல் கேமராவின் சின்னத் திரையை அமுக்கிப் பார்த்தாள்.

மாடிப்படியில் உட்கார்ந்து ஓர் ஆள். கீழ்வீட்டு டோக்சூ! முகமெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவப்பு. உதடு வீங்கியிருந்தது. கையில் ஏதோ மினுக்கியது. கண் கொட்டாமல் இவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கர்த்தரே!" பள்ளியில் கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த ஜெபம் பாதிதான் நினைவுக்கு வந்தது.

பயப்படாதே, தானே பூட்டிக்கொள்கிற கதவு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சாத்தும்போது 'டமால்' என்று அடித்துக் குழந்தை எழுந்துவிடுகிறதே என்று இன்று மத்தியானம்தான் நிலையில் தடிமனான பஞ்சுப்பட்டை ஒட்டியிருந்தாள். பூட்டு போடுகிற 'டிரிலிங்' சத்தத்தைக்கூட அணைத்துவிட்டாள். இத்தனை பாடுபட்டுத் தூங்கவைத்ததை இந்த மனுஷன் இருமியே எழுப்பிவிடுவார்போல!

அவளுக்குப் புரிந்துவிட்டது. இது பழி. இவர் குளியலறையில் விடுகிற சிகரெட் புகை காற்றுக்குழாய் வழியாக மேலே வருகிறது என்று போன மாதம் அவள் லிஃப்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். 'பச்சைக்குழந்தை இருக்கும் வீடு, உங்களுக்கு மனசாட்சி இல்லையா?'

கட்டிடக் காவலாளி ஓ என்பவரைக் கைபேசியில் அழைத்தாள். அவர் மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்த சத்தம் கேட்டதும் தைரியம் வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"யோவ் டோக்சூ! உன் வீடு கீழே. இங்க என்ன தவம் பண்றே?" என்றார் காவலாளி.

பதிலுக்கு இருமல்தான் வந்தது.

"இவருக்கு ஏதோ தொத்துவியாதிங்க. முகத்தைப் பாருங்க!" என்றாள் யூன்ஸுல்.

"வியாதி இல்ல, நுரி அம்மா." டோக்சூ கையில் இருந்ததைக் காட்டினார். மின்சிகரெட். "நீங்க ஒட்டின தாளைப் படிச்ச அன்னிக்கே சிகரெட்டை விட்டுட்டேன். அதுக்குப் பதிலா இது. இதையும் மொட்டைமாடில போய்த்தான் இழுக்கறேன். ரெண்டு இழுப்புதான், தொண்டையில முள்ளு மாட்டின மாதிரி ஆயிடுது. உடம்பெல்லாம் அரிப்பு. பழகிடும்னு கடைக்காரன் சொல்றான்."

"சிகரெட் புடிச்சப்ப நல்லாத்தானேய்யா இருந்தே!" காவலாளி சிரித்தார். "இந்தப் புல்லாங்குழலை வாசிக்கப்போய் இப்படி ஆயிட்டியே!"

யூன்ஸுலுக்குச் சிரிப்பு வரவில்லை. காது சூடானது.

"அதுல ஊத்தற திரவப் புட்டியைக் காட்டுங்க."

குழந்தைக்கு வாங்குகிற எதையும் பின்பக்கம் திருப்பிப் படிக்காமல் விடாதவள் அவள். பொடி எழுத்தில் முதல் பெயரே கண்ணில் பட்டது.

"புரொப்பிலீன் கிளைகால். நுரியைத் துடைக்கிற ஈரத்தாள்ல இது இருந்துது. அவளுக்கும் இப்படித்தான் திட்டுத் திட்டாச் சிவந்துது. சில பேருக்கு ஆகாதாம்."

"அப்ப எனக்கும் உங்க பொண்ணுக்கும் ஒரே தோலா!" டோக்சூவின் வீங்கிய உதட்டில் பெருமை தெரிந்தது.

"விளையாடாதீங்க. இது பழகாது. இந்தப் புட்டியைத் தூக்கிப் போடுங்க. இது கம்மியா, கிளிசரின் அதிகமா இருக்கறது கிடைக்கும், கேட்டுப் பாருங்க. இல்ல, ஒரேயடியா விட்டுத் தொலைங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட முகத்தைக் காட்டுங்க."

"சரிங்க, டாக்டரம்மா."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஒன்று நெஞ்சில் உறுத்தியது.

"எல்லாம் சரி. மொட்டைமாடிக்குப் போறவர் எங்க வாசல்ல ஏன் உட்காரணும்? நான் எப்படிப் பயந்துட்டேன் தெரியுமா?"

டோக்சூ தலையைச் சொறிந்தார். அழைப்புமணியின் மேல் அவள் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். 'குழந்தை தூங்குகிறது. மணி அடிக்காதீர்கள். தட்டாதீர்கள்.'

"அடிக்கவும் கூடாது, தட்டவும் கூடாதுன்னா நான் எப்படிச் சொல்றது? கைபேசியையும் வீட்ல வெச்சுட்டு வந்துட்டேன். அப்படியே விட்டுட்டுப் போகவும் மனசு வரல."

"எதைச் சொல்றது?"

"உங்க கதவு பூட்டிக்கல, நுரி அம்மா. மாடிக்கு ஏறும்போது பார்த்தேன், உங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து வெறுமனே ஒட்டிக்கிட்டு நிக்குது."

யூன்ஸுல் திரும்பிப் பார்த்தாள். சற்றுமுன் பூட்டைத் திறக்காமலே, வெறும் கையால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது அப்போதுதான் உறைத்தது. நிலையில் அவள் ஒட்டிய பஞ்சுப்பட்டை, கதவை முழுசாகச் சாத்தவிடாமல், கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது.

அதை நகத்தால் கிழித்து எடுத்தாள். மணிமேல் இருந்த அட்டையையும் பிய்த்தாள். தலை தாழ்த்தி வணங்கிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

டமால்!

நுரி ஒருமுறை புரண்டாள். கட்டைவிரலைத் தேடி வாயில் வைத்துக்கொண்டு மறுபடி தூங்கிப்போனாள்.

வெளியே இருமல் இன்னும் நகரவில்லை. எதற்கோ காத்திருந்தது.

யூன்ஸுல் தாழ்ப்பாளை, அவருக்குக் கேட்கட்டும் என்று, சத்தமாகவே தள்ளினாள். அதற்கப்புறம்தான் அந்த இருமல் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிப் போயிற்று.