மவுஸ் இல்லாத மேஜை

“எதுவா இருந்தாலும் வாயைத் தொறந்து கேளுங்க. கேட்டா முத்தா உதிர்ந்துடும்?”

“கேட்டு வாங்கி எனக்குப் பழக்கமில்ல.”

கணவன் மனைவியாக அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான். அன்று மாலையே அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு, இருவரும் வேலை பார்க்கும் இந்த உதிரிபாகக் கிடங்கில், அவன் அவளுக்கு ‘சார்’. அவள் அவனுக்கு ‘மேடம்’.

இருவரும் அந்தச் சொற்களைக் கல்லெறிவதுபோல்தான் பயன்படுத்தினார்கள்.

இப்போது அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல். அவளே எழுதிக் கேட்டு வாங்கியது. போவதற்குமுன் சரக்கு இருப்பு ஷீட்டை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவனுக்கு வந்துவிட்டது என்று ஒரு மெயில் போட்டால் மறுநாளே கிளம்பலாம், வரவில்லை என்றால் அவள் நாற்காலிக்கு வேறு ஆளைப் போடும்வரை அவள் இருக்க வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

அவனுக்கு வரவில்லை.

கீபோர்டிலேயே பழகட்டும் என்று மவுஸைப் பிடுங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். அவன் கை அப்போதும் அது இருந்த இடத்தைத் துழாவியது.

“கண்ட்ரோலை அழுத்திக்கிட்டு கீழ் அம்பு, சார். ஒரே தட்டுல கடைசி வரிக்குப் போயிடும்.”

அவன் அம்பை மட்டும் தட்டித் தட்டி, மூட்டுவலிக்காரன் மாடிப்படி இறங்குவதுபோல் ஒவ்வொரு வரியாக இறங்கினான்.

கண்ட்ரோலும் அரைப்புள்ளியும் சேர்ந்தால் இன்றைய தேதி தானாக விழும் என்று நேற்றே சொல்லியிருந்தாள். அவன் சுவரில் இருந்த காலண்டரை நிமிர்ந்து பார்த்து, ஒவ்வொரு எண்ணாக அடித்தான்.

“வேணும்னே பண்றீங்களா, இல்ல மண்டையே இவ்வளவுதானா?”

“சொல்லிக்குடுக்கிறவங்க லட்சணம் அப்படி, மேடம்.”

“கல்லுல நார் உரிக்கிறியாம்மா?” என்று சிரித்தாள், கதவருகே பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த அக்கா.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டிலும் இதே பிடிவாதம்தான். குழம்பில் உப்பில்லை என்றால் உப்பைக் கேட்கமாட்டான். அப்படியே சாப்பிட்டு எழுந்து, நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

ஜன்னலில் ஒரு லாரி டிரைவர் தலையை நீட்டினான். பிரேக் ஷூ எந்த அடுக்கு, எத்தனை பெட்டி? பின்னால் நின்ற வண்டி விடாமல் ஹாரன் அடித்தது.

அவன் டிரைவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் மட்டும் கீபோர்டுக்குப் போயின.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எல். ஃபில்டர் திறந்தது. பெயரை அடித்ததும் பிரேக் ஷூ வரிகள் மட்டும் மிஞ்சின. கண்ட்ரோல், கீழ் அம்பு. கண்ட்ரோல், அரைப்புள்ளி. தேதி விழுந்தது.

“ஏழாவது அடுக்கு. நாலு பெட்டி. ஏத்திக்கோ.”

டிரைவர் போய்விட்டான். ஃபில்டரை அவள் இன்னும் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். மேலாளருக்கு மெயிலைத் திறந்து, ‘சாருக்கு எல்லாம் வந்துவிட்டது’ என்று அடித்தாள். ஒரு விரல் கண்ட்ரோல் மேல், இன்னொன்று என்டர் மேல். அழுத்தினால் போய்விடும்.

“நல்லா நடிச்சீங்க. நான் போகக்கூடாது, அதானே?”

“நீ போ.”

‘மேடம்’ இல்லை.

“அதை மட்டும் அனுப்பாத. ஷீட் தெரிஞ்சவனை இந்த நாற்காலிய விட்டு எழுப்பமாட்டாங்க. நானும் அந்த ஊருக்கே மாத்தல் எழுதிக் குடுத்திருக்கேன்.”

அவள் விரல்கள் அசையவில்லை.

அவன் கை மவுஸ் இருந்த இடத்தை மறுபடி துழாவியது. இந்த முறை அது நடிப்பில்லை.

“என்னையும் கூட்டிட்டுப் போறியா?”